கோணவாய்க்காலோடு ஒரு நாள்: பவானியில் தொடங்கி கொடுமுடி வரை

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஈரோடு என்றாலே மூட்டை தூக்கும் ஊர்தான். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வேண்டும், கடைக்கு மொத்த விலையில் துணி பிடிக்க வேண்டும், வீட்டுக்கு ஒரு வருஷத்து மஞ்சள் வாங்க வேண்டும் என்றால் காலையில் ரயிலேறுவார்கள். பொழுது சாயும்போது இரண்டு கையிலும் பையோடு திரும்பிவிடுவார்கள். நடுவில், ஊருக்குள் அலைந்த நேரத்தில், ஒரு வாய்க்காலை இரண்டு மூன்று தடவையாவது கடந்திருப்பார்கள். கடந்தது நினைவில் இருக்காது. பாலத்தின் மேல் பஸ் நின்றபோது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் லேசாக ஞாபகம் இருக்கலாம்.

அந்த வாய்க்காலுக்கு வயது எழுநூறுக்கு மேல். பெயர் காலிங்கராயன் வாய்க்கால். கால்வாய் நகரம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் வெனிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று படம் பார்த்து ஏங்குகிறார்கள். முடிந்தவர்கள் ஆலப்புழைக்குப் போய்ப் படகில் ஏறுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் பெயர்பெற்ற கால்வாய் வளையத்தை 1613-ல்தான் தோண்டத் தொடங்கினார்கள். 2010-ல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காலிங்கராயன் வாய்க்கால் அதைவிட முந்நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. கோவையிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே படகு கிடையாது. கரையோரக் காபிக் கடைகள் கிடையாது. நுழைவுச் சீட்டு, வழிகாட்டி, நினைவுப் பொருள் விற்கும் கடை எதுவும் கிடையாது. இது வேலை செய்கிற வாய்க்கால். 15,743 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் அதன் கவலை. நம்மை மகிழ்விப்பது அதன் வேலை இல்லை. அப்படிப்பட்ட ஒன்றை ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது?

தண்ணீர் போகும் திசையிலேயே போக வேண்டும். காலையில் பவானியில் அது பிறக்கும் இடம். நடுப்பகலில் ஈரோடு நகரம். மாலையில் கொடுமுடிப் பக்கம் கடைமடை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாற்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு கோயில், ஒரு சந்தை, இன்னொரு கோயில் என்று துண்டுதுண்டாகத்தான் நினைவிருக்கும். வாய்க்காலின் கதை பிடிபடாது.

கிளம்பும் முன்

காலிங்கராயன் வாய்க்காலில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தண்ணீர் ஓடும். வழக்கமாக ஜூன் நடுவில் திறப்பார்கள். அடுத்த கோடை வரை பாசனம் நடக்கும். பராமரிப்பு வேலைக்காக அடைக்கும் கோடை நாட்களில் போனால் சேறும் சிமென்ட் மூட்டையும்தான் பார்க்கக் கிடைக்கும். மழை பொய்த்த வருஷங்களில் கணக்கு மாறும். பவானிசாகர் அணையில் என்ன நீர்மட்டம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. புரட்டாசியிலிருந்து தை வரை போனால் ஏமாற்றம் இருக்காது. தை 5-ஆம் தேதி காலிங்கராயன் தினம். அன்று அணைக்கட்டில் அவர் சிலைக்கு மாலை போட விவசாயிகள் கூடுவார்கள்.

கிழமையும் முக்கியம். ஜவுளிச் சந்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை. வாரச் சந்தை திங்கள் இரவே களைகட்டத் தொடங்கிவிடும். மாடுகள் பிடிக்கும் என்றால் வியாழக்கிழமை. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை அன்றுதான் சூடு. அமாவாசை நாட்களிலும் ஆடிப்பெருக்கிலும் பவானிப் பக்கம் தலைவைக்காமல் இருப்பது நல்லது, முன்னோருக்குத் திதி கொடுக்கப் போகிறவர்களைத் தவிர.

காரில் போகிறவர்கள் ஈரோட்டுக்குள் நுழையவே வேண்டாம். சேலம் நெடுஞ்சாலையில் பெருந்துறை, சித்தோடு தாண்டி நேராகப் பவானி. ரயிலில் போகிறவர்கள் ஈரோட்டில் இறங்கி பவானி பஸ் பிடிக்க வேண்டும். சுமார் 15 கிலோமீட்டர். பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

பிறக்கும் இடம்

பவானியில் முதல் வேலை கூடுதுறை. காவிரியும் பவானியும் சேரும் இடம். கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் மூன்றாவதாகச் சேர்கிறது என்பது நம்பிக்கை. மழைக் காலத்தில் இரண்டு ஆறுகளின் நிறமும் வேறுவேறாக இருக்கும்போது படித்துறையில் நின்று பார்த்தால் கோடு போட்டதுபோலத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் சங்கமேஸ்வரர் கோயில்.

கோயிலில் எல்லோரும் கேட்டுப் பார்க்கும் பொருள் ஒன்று உண்டு: தந்தக் கட்டில். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ 1804-ல் வேதநாயகி அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. ஒரு ராத்திரி அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி வந்து வெளியே வரச் சொன்னாளாம். அவர் வெளியே வந்ததும் கட்டடம் இடிந்து விழுந்ததாம். வந்தது அம்மன்தான் என்று நம்பிக் கட்டில் செய்து கொடுத்தாராம். கோயிலுக்குள் வர முடியாத வெள்ளைக்காரர் வெளியிலிருந்தே அம்மனைத் தரிசிக்கச் சுவரில் போட்ட மூன்று துளைகளையும் காட்டுவார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்தத் துளை வழியே எட்டிப் பார்க்காமல் திரும்ப முடியாது.

இங்கேயே அரை நாளைக் கழித்துவிடக் கூடாது. காலை 9 மணிக்கெல்லாம் டிபனை முடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து அணைக்கட்டுக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அங்கே நிழல் குறைவு.

காலிங்கராயன் அணைக்கட்டு பார்ப்பதற்குப் பெரிய பிரமாண்டம் எதுவும் இல்லை. மேட்டூரையும் பவானிசாகரையும் மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்பார்கள். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தாழ்வான தடுப்பு. வெள்ளம் வந்தால் அதன் தலைக்கு மேலேயே வழிந்து காவிரிக்குப் போய்விடும். தண்ணீரைத் தேக்கிவைப்பது இதன் வேலை இல்லை. ஆற்றின் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, வலக்கரையில் இருக்கும் வாய்க்காலுக்குள் தண்ணீரைத் திருப்பிவிட்டால் போதும். ஆறு காவிரியில் விழுந்து மறைவதற்குக் கொஞ்சம் முன்னால், கடைசி வாய்ப்பாக அதன் கையைப் பிடித்துத் திருப்பிய இடம் இது. சற்றுத் தள்ளித் தவறவிட்டிருந்தால் பவானித் தண்ணீர் அப்படியே காவிரியோடு போயிருக்கும்.

திருப்பியவர் காலிங்கராயன். 13-ஆம் நூற்றாண்டில் கொங்குப் பாண்டியன் வீரபாண்டியன் காலத்து அதிகாரி. ஈரோட்டுக்குப் பக்கத்திலுள்ள வெள்ளோட்டுக்காரர். இயற்பெயர் லிங்கையன் என்றும், காலிங்கராயன் என்பது பட்டப்பெயர் என்றும் சொல்வார்கள். வேலை 1270-களில் தொடங்கி 1280-களின் ஆரம்பத்தில் முடிந்தது. பன்னிரண்டு வருஷம் பிடித்தது என்பது ஊர்க் கணக்கு. பக்கத்திலிருக்கும் ஊராட்சிக்கோட்டை மலையிலிருந்து கல் வந்ததாம். இப்போது அணைக்கட்டில் அவருக்குச் சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன.

அவர் ஏன் இந்த வேலையில் இறங்கினார் என்பதற்குக் கொங்குப் பக்கம் வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். மகனுக்குப் பெண் பேச உறவுக்காரர் வீட்டுக்குப் போனாராம். சமையல்காரர் வந்து, "பழைய அரிசி போடட்டுமா, புது அரிசி போடட்டுமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டாராம். "கம்பு விளையும் மேட்டுக்காட்டில் இருந்து வந்தவர்களுக்கு எந்த அரிசியானால் என்ன, வித்தியாசமா தெரியப்போகிறது?" என்ற மாதிரி உள்ளேயிருந்து பதில் வந்ததாம். அது அவர் காதில் விழுந்துவிட்டது. என் ஊரிலும் நெல் விளையவைத்த பிறகுதான் சம்பந்தம் என்று எழுந்து வந்துவிட்டாராம்.

கதை உண்மையோ இல்லையோ, அதிலிருக்கும் உறைப்பு உண்மை. கம்புக்கும் நெல்லுக்கும் நடுவில் இருந்த தூரம், அந்தக் காலத்தில் பெண் கொடுப்பதா வேண்டாமா என்பதையே தீர்மானித்திருக்கிறது. கொங்கு நாட்டின் பெரும்பகுதி மேட்டுக்காடு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த வாய்க்காலை அந்த மக்கள் ஏன் சாமியைப்போலக் கொண்டாடுகிறார்கள் என்பது விளங்கும்.

இன்னொரு கதை, வாய்க்காலுக்கு வழி காட்டியது ஒரு பாம்பு என்பது. எந்தப் பக்கம் வெட்டுவது என்று தெரியாமல் நின்றபோது ஒரு பாம்பு நெளிந்து நெளிந்து முன்னால் போனதாம். அது போன தடத்திலேயே வெட்டினார்களாம். வரைபடத்தில் பவானிக்கும் கொடுமுடிக்கும் நேராக ஒரு கோடு போட்டால் 50 கிலோமீட்டர்கூட வராது. வாய்க்காலின் நீளமோ சுமார் 90 கிலோமீட்டர். பாம்பு நன்றாகவே நெளிந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு வளைவு? மேட்டைக் குடையவும் பள்ளத்தை நிரப்பவும் இயந்திரம் இல்லாத காலம். நிலத்தின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மேடு வந்தால் ஒதுங்கி, பள்ளம் வந்தால் சுற்றிக்கொண்டு போனால்தான் தண்ணீர் தானாக ஓடும். நேராக வெட்டினால் சரிவு கூடி வேகம் கூடும், கரை அரித்துவிடும், மட்டமும் சீக்கிரமே இறங்கிவிடும். வளைந்து போனால் தண்ணீர் நிதானமாக நடக்கும். வழியில் இன்னும் அதிகமான வயலைத் தொடும். பவானிக்குப் பக்கத்தில் கோணவாய்க்கால் என்றே ஓர் இடம் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தின் பெயராகவே பலருக்குத் தெரிந்த அந்தச் சொல்லுக்குள் ஒரு பொறியியல் பாடம் அடங்கியிருக்கிறது.

கரையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் நிலம் உயர்ந்திருக்கும். காவிரி இருக்கும் இடதுபக்கம் நிலம் தாழ்ந்து வயல் விரியும். மதகுகள் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த பக்கமாகத்தான் திறக்கும். குழந்தைகளிடம் "தண்ணீர் எந்தப் பக்கம் போக ஆசைப்படும்?" என்று கேட்டுவிட்டு அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். கரையில் தடுப்புக் கம்பி எல்லாம் கிடையாது. தண்ணீர் ஓடும்போது பார்க்க அமைதியாக இருந்தாலும் ஆழமும் இழுப்பும் உண்டு. சின்னப் பிள்ளைகளின் கையை விடக் கூடாது.

வாய்க்கால் வெட்டி முடித்த பிறகு நடந்ததாகச் சொல்வதுதான் இந்தக் கதைகளிலேயே மனதைத் தைப்பது. தன் நிலத்துக்கும் தன் ஆட்களுக்கும் வசதி செய்துகொள்ளத்தான் வெட்டினார் என்று யாரோ பேசினார்களாம். அதைக் கேட்டதும், இந்த வாய்க்கால் தண்ணீரை நானும் என் வம்சமும் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டுக் காலிங்கராயன் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டாராம். போய்ச் சேர்ந்த இடம் பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளி. வெண்ணெய்க்குப் பேர்போன திருப்பூர் ஊத்துக்குளி வேறு. பொள்ளாச்சி ஊத்துக்குளி ஜமீன் குடும்பம் காலிங்கராயர் என்ற பட்டத்தோடுதான் அறியப்பட்டது. பாசனம் செய்து கொடுத்தவர் பெயரில் வாய்க்காலும், காலிங்கராயன்பாளையம் என்ற ஊரும் இங்கே இருக்கின்றன; அவர் வழிவந்தவர்கள் மலையடிவாரத்தில் இருக்கிறார்கள்.

பவானியை விட்டுக் கிளம்பும் முன் ஜமக்காளம். 2005-06-லேயே புவிசார் குறியீடு வாங்கியது. அகலமான வண்ணப் பட்டைகள், கனமான பருத்தி நூல், கைத்தறி. விசைத்தறியில் நெய்த மலிவு விரிப்புகளும் அதே பெயரில் விற்கின்றன. தறி ஓடும் இடத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கினால் ஏமாற வேண்டியதில்லை. கல்யாணப் பந்தி அளவுக்கு வாங்கிவிட்டு நாள் முழுவதும் சுமக்காதீர்கள். ஒற்றை ஆள் படுக்கும் அளவு போதும்.

நகரத்துக்குள்

பவானியிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் சாலையும் வாய்க்காலும் அண்ணன் தம்பிபோல விலகியும் நெருங்கியும் வருகின்றன. பி.பெ.அக்ரஹாரம், வைராபாளையம், கருங்கல்பாளையம் என்று ஊர் நெருங்க நெருங்கத் தண்ணீரின் முகம் மாறும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு பார்க்க வேண்டிய பகுதி இது.

இந்தப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளும் சாய, சலவைப் பட்டறைகளும் நிறைய. கழிவுநீர் வாய்க்காலில் கலப்பதாக விவசாயிகள் பல வருஷங்களாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். அதிகாரிகள் அவ்வப்போது மின் இணைப்பைத் துண்டிப்பதும், கொஞ்ச நாளில் வேறோர் இடத்தில் பட்டறை முளைப்பதும் செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கும். கழிவு பாசனத் தண்ணீரோடு சேராமல் இருக்க, வாய்க்காலை ஒட்டியே இன்னொரு சின்ன வாய்க்கால் கட்டினார்கள். பேபி கால்வாய் என்று அதற்குப் பெயர். எழுநூறு வயது பாட்டனின் இடுப்பில் ஒரு பேபி. பெயர் சிரிப்பு வரவழைக்கிறது. அப்படி ஒன்று தேவைப்பட்டது சிரிக்கிற விஷயமில்லை. நல்ல தண்ணீர் எது, சாக்கடை எது என்று கண்ணாலேயே பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று நீங்களே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

சுற்றுலா என்று வந்துவிட்டு இதையெல்லாம் ஏன் பார்க்க வேண்டும் என்று தோன்றலாம். பத்து நிமிஷம் போதும். பிறகு ஜவுளிச் சந்தைக்குப் போய் ஒரு நைட்டியையோ லுங்கியையோ கையில் எடுத்து, அதன் சிவப்பையும் நீலத்தையும் பார்க்கும்போது அந்தப் பத்து நிமிஷம் ஞாபகத்துக்கு வரும். விலை மலிவாக இருப்பதற்கு யாரோ எங்கோ கொடுக்கும் விலை என்ன என்ற கேள்வி, வாய்க்காலைப் பார்த்தவருக்கு வராமல் இருக்காது. எல்லாப் பட்டறையும் அப்படி இல்லை என்பதும் உண்மைதான். சுத்திகரிப்புக்குச் செலவழிப்பவர்கள் செலவழிக்காதவர்களோடு விலையில் போட்டி போட வேண்டியிருப்பது அவர்கள் தலைவலி.

கருங்கல்பாளையத்தில் காவிரிப் பாலத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம். இந்தப் பக்கம் ஈரோடு. பெரிய காவிரி ஆறு ஊரை உரசிக்கொண்டு ஓடும்போது, பக்கத்திலேயே ஏன் பவானித் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவர வேண்டும் என்ற சந்தேகம் இங்கேதான் எல்லோருக்கும் வரும். பாலத்திலிருந்து கீழே பார்த்தால் பதில் தெரியும். காவிரி பள்ளத்தில் ஓடுகிறது. வாய்க்கால் மேட்டில் போகிறது. ஆறு பக்கத்தில் இருப்பது வேறு, தண்ணீர் வயல் மட்டத்துக்கு ஏறுவது வேறு.

அடுத்து காரைவாய்க்கால். ஈரோட்டுக்குள் வளைந்து வரும் பெரும்பள்ளம் ஓடையை வாய்க்கால் தாண்டிப் போகும் இடம். ஓடை கீழே, வாய்க்கால் மேலே. காரை பூசிக் கட்டிய தொட்டிப்பாலம் என்பதால் காரைவாய்க்கால். ஓடையில் ஓடுவது என்ன என்பதை மூக்கே சொல்லிவிடும். ஆனால் இந்த இடத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் வேறு முகம் உண்டு. பங்குனி, சித்திரை வாக்கில் பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் மூன்று கோயில்களிலும் கம்பம் நட்டு விழா நடக்கும். கடைசி நாள் மூன்று கம்பங்களையும் ஊர்வலமாக எடுத்துவந்து காரைவாய்க்காலில் விடுவார்கள். அன்று மஞ்சள் நீராட்டு. தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர், ஆளெல்லாம் மஞ்சள். ஈரோட்டின் சாமி, சரக்கு, வாய்க்கால் மூன்றும் ஒரே இடத்தில் சேரும் நாள் அது. ஒரு நாள் பயணத்தை அந்த நாளுக்குப் பொருத்திக்கொள்ள முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

மஞ்சளுக்கும் வாய்க்காலுக்கும் உறவு தற்செயலானதில்லை. மஞ்சள் ஒன்பது பத்து மாதப் பயிர். வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசிக்குத்தான் வெட்டு. அத்தனை மாதமும் மண்ணில் ஈரம் வேண்டும். ஜூனில் திறந்து வருஷத்தின் பெரும்பகுதி ஓடும் ஒரு வாய்க்கால் பக்கத்தில் இருந்தால் அப்படிப்பட்ட பயிரை நம்பி நடலாம். இப்போது மஞ்சள் விளைவதில் கிணறு, கீழ்பவானிப் பாசனம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. அவற்றுக்கெல்லாம் மூத்தது இந்தத் தண்ணீர். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் தூளாக வாங்காமல் விரலி மஞ்சளாகவே வாங்கி, காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது. உடைத்தால் உள்ளே ஆழ்ந்த மஞ்சள் தெரிய வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுச் சமையல் மெஸ்களைத் தேடுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் பள்ளிபாளையம் சிக்கனை அதன் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே சாப்பிடலாம்: வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும்தான் அதன் உயிர், வேறு மசாலா அதிகம் தேவையில்லை. சைவக்காரர்களுக்கு அரிசிம்பருப்புச் சாதம், மேலே ஒரு கரண்டி நெய்.

சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் மிச்சமிருக்கும். ஈரோட்டில் அதற்குப் போட்டி அதிகம். பெரியார்–அண்ணா நினைவகம் இருக்கிறது. பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர் என்பதும், ஊருக்குக் காவிரிக் குடிநீர் வர வழிசெய்தவர் என்பதும், தண்ணீரைத் தேடி வந்த நாளில் நினைக்க வேண்டிய விஷயம். கணித மேதை ராமானுஜன் 1887-ல் பிறந்ததும் இதே ஈரோட்டில்தான், தாய்வழிப் பாட்டி வீட்டில். ஜவுளிச் சந்தையும் கூப்பிடும். மூன்றையும் பிடிக்க ஓடினால் ஒன்றும் மனதில் தங்காது. நினைவகத்துக்கு அரை மணி, மிச்சம் ஷாப்பிங் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தை இன்னொரு நாளைக்கு விட்டுவிடுங்கள். அது அதிகாலையில் போக வேண்டிய இடம்.

கடைமடை

மூன்று மணிக்குள் கொடுமுடிக்குக் கிளம்பிவிட வேண்டும். கரூர் சாலையில் பஸ் உண்டு. திருச்சி மார்க்கத்து ரயில்களில் பலவும் கொடுமுடியில் நின்று போகும். நேரம் பொருந்தினால் ரயிலே நல்லது. பாசூர், ஊஞ்சலூர் வழியாக ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது, காலையிலிருந்து பார்த்த வாய்க்கால் எதற்காக என்பது ஒரே காட்சியாகத் தெரியும். நெல், கரும்பு, வாழை, மஞ்சள். இடையிடையே தென்னை. பெரிய பெரிய பச்சைக் கட்டங்கள். பெருந்துறைப் பக்கம் பார்த்த வறண்ட மேட்டுக்காட்டை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால், அரிசிச் சோற்றுக்காகக் கோபப்பட்டு எழுந்துவந்த மனிதரின் கதை நம்பத்தக்கதாகவே தோன்றும்.

கடைமடைக்காரர்களின் கவலை இரண்டு. ஒன்று, தண்ணீர் வந்துசேருமா? இரண்டு, வந்தால் எப்படிப்பட்ட தண்ணீர் வரும்? முதல் கவலைக்குச் சட்டத்திலேயே கொஞ்சம் ஆறுதல் உண்டு. 1955-ல் பவானிசாகர் அணை கட்டி முடிந்து, அதிலிருந்து 201 கிலோமீட்டருக்குக் கீழ்பவானி வாய்க்கால் வந்தது. 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் புதிதாகப் பாசனம் பெற்றது. ஆனால் அதற்கு முன்பே இருந்த கொடிவேரி வாய்க்கால்களுக்கும் காலிங்கராயனுக்கும் பழைய ஆயக்கட்டு என்ற முன்னுரிமை இருக்கிறது. பழைய ஆயக்கட்டு மொத்தம் 40,247 ஏக்கர். பெரியவருக்கு முதல் பந்தி என்பதுபோல. மேலே கீழ்பவானி வயல்களில் பாயும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கசிவுநீராகப் பள்ளங்களுக்கும் கிணறுகளுக்கும் வருவதும் உண்டு. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று சில வருஷங்களாக விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து போராடியதன் அடியில் இருப்பது இந்தக் கசிவுநீர்க் கணக்குதான்.

இரண்டாவது கவலைக்கு முன்னுரிமைச் சட்டம் எதுவும் உதவாது. காலையில் அணைக்கட்டில் கையை நனைத்த அதே தண்ணீர்தான் ஈரோட்டைத் தாண்டி இங்கே வருகிறது. நடுவில் நகரம் அதில் எதைச் சேர்த்தது என்பது நெல்லுக்கும் வாழைக்கும் தெரியும்.

கொடுமுடியில் மகுடேஸ்வரர் கோயில் நடை மாலை நான்கு மணி வாக்கில் திறக்கும். சிவன், பெருமாள், பிரம்மா மூவரும் ஒரே கோயிலில். பிரம்மாவுக்குத் தனிச் சந்நிதி கட்டவில்லை. பழைய வன்னி மரத்தடியில் இருக்கிறார். மரத்தின் வயதை ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், எல்லாமே ஆயிரங்களில். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி எடுப்பவர்கள் இங்கிருந்துதான் தீர்த்தம் கொண்டுபோவார்கள். சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடிய தலம் இது. 1908-ல் கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரும் இதுதான். படித்துறையில் உட்கார்ந்தால், அதுவரை தெற்கு நோக்கி வந்த காவிரி இங்கே கிழக்கே திரும்புவதைப் பார்க்கலாம்.

ஆனால் வாய்க்காலோடு வந்தவர்களுக்குப் பயணம் கோயிலோடு முடியவில்லை. ஒரு ஆட்டோவோ காரோ பிடித்து ஆவுடையார்பாறைப் பக்கம் போக வேண்டும். பவானி ஆற்றிலிருந்து பிரிந்து 90 கிலோமீட்டர் நெளிந்து வந்த வாய்க்கால் மிச்சத் தண்ணீரோடு நொய்யலில் சேரும் இடம் அது. நொய்யல் நம் கோயம்புத்தூர் மேற்கு மலையில் பிறந்து, பேரூரைத் தொட்டு, திருப்பூரின் சாயத்தையெல்லாம் சுமந்துகொண்டு வந்திருக்கும். பவானியும் நொய்யலும் இங்கே காலிங்கராயன் புண்ணியத்தில் கைகுலுக்கிக்கொண்டு, கொஞ்ச தூரத்தில் காவிரிக்குள் போகின்றன. நதிநீர் இணைப்பு பற்றிப் பேசும் மேடைகளில் இந்த வாய்க்காலின் பெயர் அடிபடுவது இதனால்தான்.

பார்க்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை. பலகையோ மண்டபமோ தேடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட வேண்டும், ஆறு மணிக்கு மேல் கரையில் பாம்பு நடமாட்டம் உண்டு. திரும்பி கொடுமுடி ஸ்டேஷனுக்கு வந்தால் ஈரோட்டுக்கு ரயில். அங்கிருந்து கோவைக்கு ராத்திரி வரை வண்டிகள் உண்டு. கொடுமுடியில் ரயில்கள் அடிக்கடி நிற்காது என்பதால், நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. தவறவிட்டால் கரூர்–ஈரோடு பஸ் வரும். ஜன்னலோரம் கிடைத்தால் வலதுபக்கம் உட்காருங்கள். நிலா இருக்கிற நாளாக இருந்தால், அணைக்கட்டில் விட்டுவந்த தண்ணீர் எதிரே வந்துகொண்டிருப்பது இடையிடையே மின்னும்.